கோத்தகிரி படிப்பகத்துக்குச் சொந்த லினக்ஸ்: மெனுவை எந்த இடத்தில் மாற்றுவது?

ஹட்டி_படிப்பகம்

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (எங்கள் சிற்றூரில்) ஒரு பொது அறையைப் படிப்பகமாக்கியிருக்கிறோம். பழைய கணினிகள் சில நன்கொடையாக வந்தன. எல்லாம் 2 ஜிபி ராம், சிலவற்றில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது. அதனால் டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் இரண்டையும் வைத்து, லைவ்-பில்ட் என்ற கருவியில் ஒரு ஐஎஸ்ஓ (முழு சிஸ்டமும் அடங்கிய கோப்பு) கட்டி, நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுகிறோம். ஓட்டம் பரவாயில்லை. தலைவலி மெனுதான்.

சாயங்காலம் வருவது பள்ளிப் பிள்ளைகள். பகலில் மனு அடிக்கவும், பச்சைத் தேயிலைக் கணக்கை ஒரு ஷீட்டில் போட்டுப் பார்க்கவும் பெரியவர்கள் வருகிறார்கள். மெனுவைத் திறந்தால் டெர்மினல் மட்டுமே மூன்று நிற்கிறது. இமேஜ்மேஜிக் என்று ஒரு படக் கருவி, அதை யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது தமிழில் நாலைந்து பிரிவு, அவ்வளவுதான்.

மெனுலிப்ரே என்ற மெனு திருத்தியை வைத்து என் மடிக்கணினியில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். ஐஎஸ்ஓவில் அதில் ஒன்றுகூட வரவில்லை. வேண்டாத டெஸ்க்டாப் கோப்புகளை (மெனுவில் ஒரு மென்பொருளைக் காட்டும் கோப்புகள்) யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்பகத்திலிருந்து ஒரு ஹூக் (கட்டும்போது ஓடும் ஸ்கிரிப்ட்) எழுதி அழித்துவிடலாமா?

(ஃபோனில் கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்க முடியவில்லை. பாதைகளையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எக்ஸ்எஃப்சிஇ_எலி

அழிக்காதீர்கள். அந்தக் கோப்பைத் தந்த பொதிக்கு (பேக்கேஜுக்கு) அடுத்த அப்டேட் வந்ததும் கோப்பு திரும்ப வந்து உட்காரும்.

மெனுலிப்ரே எழுதுவது உங்கள் ஹோமுக்குள், அதாவது யூசரின் சொந்தக் கோப்பகத்துக்குள். டெஸ்க்டாப் கோப்புகள் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸில், பிரிவுகளின் அடுக்கு .கான்ஃபிக்/மெனுஸில். ஐஎஸ்ஓவுக்கு உங்கள் ஹோம் எப்படித் தெரியும்? அந்த இரண்டையும் லைவ்-பில்டின் இன்க்லூட்ஸ்.குரூட் கோப்பகத்துக்குள் (அதில் வைப்பது அப்படியே ஐஎஸ்ஓவுக்குள் போகும்) இடிசி/ஸ்கெல் என்ற பாதையில் வைத்துக் கட்டுங்கள். லைவ் சிஸ்டம் பூட் ஆகும்போதுதான் யூசரை உருவாக்குகிறது, ஆகவே ஸ்கெல்லில் இருப்பது அப்படியே போய்ச் சேரும்.

டெபியன்_தாத்தா

எலி சொன்னது வேலை செய்யும், ஆனால் நான் அந்த வழியில் போகமாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். குன்னூரில் இன்று மழை, எனக்கும் வேறு வேலை இல்லை.

எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ, எல்எக்ஸ்க்யூடி மாதிரி டெஸ்க்டாப்கள் எல்லாமே ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது அமைப்பு வகுத்த விதிகளின்படிதான் மெனு கட்டுகின்றன. மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்க்டாப் கோப்பு. அதில் பெயர், ஓட்ட வேண்டிய கட்டளை, ஐகான், கேட்டகரீஸ் என்ற வரி. எந்த கேட்டகரி எந்தப் பிரிவுக்குள் போகும் என்பது இடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸில் உள்ள மெனு கோப்பில் இருக்கும். எக்ஸ்எஃப்சிஇக்கு அது எக்ஸ்எஃப்சிஇ-அப்ளிகேஷன்ஸ்.மெனு. பிரிவின் பெயரும் ஐகானும் யுஎஸ்ஆர்/ஷேர்/டெஸ்க்டாப்-டைரக்டரீஸில் டைரக்டரி என்ற வால் கொண்ட கோப்பில்.

இப்போது முக்கியமான இடம். டெஸ்க்டாப் கோப்புகளை மெனு பல கோப்பகங்களில் வரிசையாகத் தேடும். முதலில் பயனரின் .லோக்கல்/ஷேர். அடுத்து எக்ஸ்டிஜி-டேட்டா-டிர்ஸ் என்ற மாறியில் உள்ளவை. ஒன்றும் சொல்லாவிட்டால் அது யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர், அப்புறம் யுஎஸ்ஆர்/ஷேர். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் கோப்பு இருந்தால் முதலில் கிடைப்பதுதான் செல்லும், மற்றது கண்ணில் படாது.

ஆகவே டெபியன்-எக்ஸ்டெர்ம்.டெஸ்க்டாப் மெனுவில் வேண்டாம் என்றால், அதே பெயரில் ஒன்றை யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸில் வையுங்கள். அதில் நோடிஸ்ப்ளே=ட்ரூ என்று ஒரு வரி. பொதி தந்த கோப்பு தன் இடத்தில் இருக்கும், அப்டேட் வந்தாலும் உங்கள் ஏற்பாடு கலையாது. ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு கோப்பும் வரிவரியாகச் சேராது, மேலே உள்ளது கீழே உள்ளதை முழுசாக மூடும். பெயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றாலும் முழுக் கோப்பையும் நகலெடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்கெல் எனக்கு ஏன் பிடிக்காது? யூசர் உருவாகும் அந்த ஒரு தரம்தான் அது நகலாகும். பிறகு நீங்கள் மெனுவைத் திருத்தினால் பழைய யூசருக்குப் போகாது. இன்று பென்டிரைவ், நாளைக்கு யாராவது ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்து அதில் நிறுவினால் அங்கே சிக்கல். ஹோமில் இருக்கும் கோப்பு எல்லாவற்றுக்கும் மேல் என்பதால், கணினி அளவில் நீங்கள் செய்யும் மாற்றத்தையும் அது மறைத்துவிடும்.

எக்ஸ்எஃப்சிஇ_எலி

ஐயா சொல்வது சரி. லைவ் மட்டும்தானே என்று நினைத்துச் சொன்னேன். பெர்சிஸ்டன்ஸ் (செய்த மாற்றம் பென்டிரைவிலேயே நிலைக்கும் வசதி) போட்டிருந்தால் லைவிலும் அதே சிக்கல் வரும். ஹட்டி, போட்டிருக்கிறீர்களா?

ஹட்டி_படிப்பகம்

இல்லை அண்ணா. பிள்ளைகள் சேமிப்பதற்குத் தனி பார்ட்டிஷன் வைத்திருக்கிறேன். ஹோம் ஒவ்வொரு பூட்டிலும் புதிது.

ஐயா, மறைப்பது புரிந்தது. "படிப்பு" என்று சொந்தமாக ஒரு பிரிவு வைக்க அந்த எக்ஸ்எஃப்சிஇ மெனு கோப்பையே திருத்த வேண்டுமா?

டெபியன்_தாத்தா

வேண்டாம் தம்பி. இடிசி/எக்ஸ்டிஜி/மெனுஸுக்குள் அப்ளிகேஷன்ஸ்-மெர்ஜ்டு என்று ஒரு கோப்பகம் உண்டு, இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அதில் நீங்கள் போடும் சின்ன மெனு கோப்பு பெரிய மெனுவோடு சேர்ந்துகொள்ளும். வைன் (விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் கருவி) நிறுவினால் மெனுவில் தனிப் பிரிவு முளைக்கிறதே, அதுவும் இந்த வழியில்தான்.

உள்ளே எழுத வேண்டியது கொஞ்சம்தான். வெளியே வேர் மெனு, அதன் பெயர் பெரிய மெனுவின் வேர்ப் பெயரேதான். அதற்குள் உங்கள் பிரிவு, அதன் டைரக்டரி கோப்பின் பெயர், இன்க்லூட் என்ற பகுதியில் யார் யார் உள்ளே வரலாம் என்பது. கேட்டகரி சொல்லியும் சேர்க்கலாம், கோப்பின் பெயரைச் சொல்லியும் சேர்க்கலாம். உங்களைப் போல் பத்துப் பதினைந்து மென்பொருள் வைப்பவர்கள் பெயர் சொல்லிச் சேர்ப்பதே மேல். கேட்டகரி கொடுத்தால் நாளைக்கு நிறுவும் எதுவும் தானாக நுழையும். சொந்த கேட்டகரி உண்டாக்குவதானால் பெயர் எக்ஸ்-கோடு என்று தொடங்க வேண்டும், அது விதி.

ஒரே மென்பொருள் இரண்டு பிரிவில் தெரிந்தால் திகைக்காதீர்கள். கேட்டகரீஸ் வரியில் எஜுகேஷனும் கேமும் சேர்ந்து இருந்தால் இரண்டிலும்தான் வரும். எந்தப் பிரிவிலும் சேராதவை "மற்றவை"க்குள் போய் விழும்.

மஞ்சூர்_டீச்சர்

குந்தா பக்கம் பள்ளிக்கூட லேபில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மெனுவை அடுக்குவதற்கு முன் ஒன்று சொல்லட்டுமா? செட்டிங்ஸ் பிரிவையே முழுசாக மறைத்துவிடுங்கள். டெர்மினலையும்தான். எங்கள் ஏழாம் வகுப்புக்காரர்கள் பேனலைத் தூக்கித் திரையின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவார்கள், திரைத் தெளிவைக் குறைத்து எழுத்தைப் பூதம் மாதிரி ஆக்கிவிடுவார்கள். அடுத்த பீரியட் வரும் பிள்ளை கணினி கெட்டுப்போச்சு மிஸ் என்று நிற்கும்.

பந்தலூர்_மழை

டீச்சர், இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஹட்டியில் ஹோம் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக வருகிறது. பேனலை எங்கே ஒட்டினால் என்ன? ரீஸ்டார்ட் செய்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இவ்வளவு பாதுகாப்பான ஒரு சிஸ்டத்தில் பிள்ளைகள் கிண்டிப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பார்கள்?

எங்கள் பக்கத்தில் எல்லை தாண்டினால் வயநாடு. கேரளத்தில் அரசுப் பள்ளிகளுக்கென்றே கட்டிய லினக்ஸ் பல வருடமாக ஓடுகிறது, பாடமும் அதில்தான். அங்கே படிக்கும் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு டெர்மினல் ஒரு பூச்சாண்டி கிடையாது. மூன்று டெர்மினலை ஒன்றாக்குங்கள், சரி. அந்த ஒன்றையும் மறைக்காதீர்கள்.

மஞ்சூர்_டீச்சர்

உங்களுக்கென்ன தம்பி, சொல்லிவிட்டுப் போவீர்கள். எங்கள் லேபில் எல்லாம் ஹார்டு டிஸ்கில் நிறுவியது. ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றும் திரும்பி வராது. நாற்பது நிமிட வகுப்பில் பேனலைத் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

டெபியன்_தாத்தா

இரண்டு பேரும் வேறு வேறு கணினியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் இரண்டும் சரி. ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று: மெனுவில் மறைப்பது அலமாரிக் கதவைச் சாத்துவது போலத்தான், பூட்டுப் போட்டதாக ஆகாது. ஆல்ட்டும் எஃப்2வும் அழுத்திப் பெயரை அடித்தால் மறைத்த மென்பொருள் ஓடும். துனார் என்ற கோப்பு மேலாளரில் யுஎஸ்ஆர்/பின்னுக்குள் போய்ச் சொடுக்கினாலும் ஓடும்.

பூட்டு வேண்டுமென்றால் அது வேறு இடம். டெபியன் லைவில் யூசருக்குக் கடவுச்சொல் இல்லாமலே சூடோ (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும் உரிமை) கிடைக்கும், பல பேர் இதைக் கவனிப்பதில்லை. பூட் வரியில் நோரூட் என்று சேர்த்தால் சூடோவும் பாலிசிகிட் அனுமதியும் போய்விடும். ஹட்டி, ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகளுக்காகவாவது இதைச் செய்யுங்கள். டெர்மினலை மறைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் ஒரு பலனும் இல்லை.

டீச்சருக்கு: பேனலை மட்டும் பூட்ட எக்ஸ்எஃப்சிஇயில் வழி இருக்கிறது. இடிசி/எக்ஸ்டிஜி/எக்ஸ்எஃப்சிஇ4/எக்ஸ்எஃப்கான்ஃப் கோப்பகத்துக்குள் எக்ஸ்எஃப்சிஇ4-பேனல் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில், சேனலின் வரியில் அன்லாக்டு="ரூட்" என்று எழுதுங்கள். ரூட்டை, அதாவது நிர்வாகியைத் தவிர யாராலும் பேனலை நகர்த்த முடியாது. செட்டிங்ஸ் பிரிவு மெனுவில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மஞ்சூர்_டீச்சர்

ஐயா, இது தெரிந்திருந்தால் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கும். திங்கட்கிழமை செய்து பார்க்கிறேன். டெர்மினலை மறைப்பேன், அதில் மாற்றமில்லை.

பண்ணைக்காடு_பைட்

கீழ்ப்பழனியிலிருந்து ஒரு கேள்வி. நான் க்னோம் டெஸ்க்டாப் வைத்துக் கட்டுகிறேன். அங்கே மெனுவே இல்லையே, எல்லா ஐகானும் ஒரே பரப்பில். மேலே சொன்னது எதுவும் உதவுமா?

எக்ஸ்எஃப்சிஇ_எலி

பாதி உதவும். மறைப்பதும் பெயர் மாற்றுவதும் அதே டெஸ்க்டாப் கோப்புதான், அதே யுஎஸ்ஆர்/லோக்கல் வழி. பிரிவுகளுக்கு க்னோம் மெனு கோப்பைப் பார்க்காது. அங்கே ஆப்-ஃபோல்டர்ஸ் என்று டிகான்ஃபில் (க்னோம் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) ஒரு அமைப்பு. இடிசி/டிகான்ஃப்/டிபி/லோக்கல்.டி கோப்பகத்தில் ஒரு கோப்பு எழுதி, லோக்கல் டேட்டாபேஸைச் சேர்க்கும் ஒரு ப்ரொஃபைலும் வைத்து, ஹூக்கில் டிகான்ஃப் அப்டேட் ஓட்டுங்கள். கேடிஇ ஆட்கள் யாராவது இருந்தால்: அங்கே மெனு கோப்புதான், ஆனால் மாற்றம் தெரியவில்லை என்றால் கேபில்ட்சைகோகா ஓட்டிப் பழைய கேஷைப் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் ஹட்டிக்கு ஒன்று. மறைப்பதற்கு முன், அது ஐஎஸ்ஓவில் இருக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் என்ற தொகுப்புப் பொதியைப் போட்டுக் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தேவைக்கு மேலேயே இழுத்து வரும். பொதிப் பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇ4, அதன் டெர்மினல், விஸ்கர் மெனு (தேடும் கட்டம் உள்ள மெனு), நெட்வொர்க் மேனேஜர் என்று நீங்களே பெயர் சொல்லிப் போடுங்கள். லைவ்-பில்டில் ஆப்ட்-ரெகமண்ட்ஸை (பரிந்துரைத்த பொதிகளையும் சேர்த்து இழுக்கும் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கினால் இன்னும் மெலியும். ஆனால் அப்போது ஒலி, பிரிண்டர், தமிழ் எழுத்துரு மாதிரி சிலது காணாமல் போகும், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஃபான்ட்ஸ்-லோஹிட்-டிஏஎம்எல் விட்டுப்போனால் மெனு முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

ஹட்டி_படிப்பகம்

டாஸ்க் பொதியை எடுத்துவிட்டுக் கட்டினேன். ஐஎஸ்ஓ நன்றாகவே சிறுத்துவிட்டது. ஐப்பசி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது, நெட்டும் அப்படித்தான். நல்லவேளை, லைவ்-பில்ட் இறக்கிய பொதிகளை கேஷ் கோப்பகத்தில் வைத்துக்கொள்கிறது. க்ளீன் செய்து மறுபடி கட்டினாலும் திரும்ப இறக்கவில்லை.

இமேஜ்மேஜிக் மட்டும் வேறு ஏதோ பொதியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நோடிஸ்ப்ளே போட்டேன், மெனுவில் இல்லை. ஆனால் படத்தை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் அதுதான் திறக்கிறது!

எக்ஸ்எஃப்சிஇ_எலி

நோடிஸ்ப்ளே என்றால் மெனுவில் காட்டாதே என்று மட்டும்தான் அர்த்தம். கோப்பைத் திறக்கும் உரிமை அதற்கு இன்னும் இருக்கிறது. அதற்குப் பதில் ஹிடன்=ட்ரூ போடுங்கள், அப்படி ஒரு மென்பொருளே இல்லாதது போல சிஸ்டம் நடந்துகொள்ளும். பிறகு அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் ஒருமுறை ஓட்டுங்கள். படங்களை ரிஸ்ட்ரெட்டோ என்ற படம் காட்டும் மென்பொருள்தான் திறக்க வேண்டும் என்றால் இடிசி/எக்ஸ்டிஜியில் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்ற கோப்பில் எழுதி வைக்கலாம்.

எழுத்து விஷயத்தில் கவனம். நோடிஸ்ப்ளேயில் என், டி இரண்டும் பெரிய எழுத்து. ட்ரூ முழுக்கச் சின்ன எழுத்து. மாறினால் பிழை எதுவும் சொல்லாமல் சும்மா இருந்துவிடும். டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்று ஒரு கருவி இருக்கிறது, அதை ஹூக்கில் ஓட்டி, பிழை இருந்தால் கட்டுமானமே நிற்கும்படி செய்துவிடுங்கள்.

மஞ்சூர்_டீச்சர்

தமிழ்ப் பெயர் எப்படி வைக்கிறீர்கள்? நான் நேம் வரியிலேயே தமிழை எழுதிவிடுவேன்.

டெபியன்_தாத்தா

அப்படிச் செய்யாமல், நேம் வரியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, அடுத்து நேம் என்று எழுதிச் சதுர அடைப்புக்குள் டிஏ போட்டுத் தமிழை எழுதுங்கள். லோக்கேல் (சிஸ்டத்தின் மொழி அமைப்பு) டிஏ_ஐஎன் ஆக இருந்தால் தமிழ் வரும், இல்லாவிட்டால் ஆங்கிலம். யாராவது வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்தாலும் மொழியை மாற்றினால் போதும். லைவில் தமிழ் லோக்கேலுக்கு பூட் வரியில் லோக்கேல்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது.

மஞ்சூர்_டீச்சர்

சரி ஐயா. நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். பிள்ளைகள் பிரிவுக்குள் போய்த் தேடுவதே இல்லை. விஸ்கர் மெனுவைத் திறந்ததும் மேலே உள்ள கட்டத்தில் அடிக்கிறார்கள். அதுவும் ஒருவன் ஆங்கிலத்தில் பெயிண்ட் என்பான், ஒருத்தி தமிழ்99இல் படம் என்பாள். பெயர் தமிழில் மட்டும் இருந்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் அகப்படாது. அதனால் கீவேர்ட்ஸ் வரியில் எல்லாவற்றையும் கொட்டி வைக்கிறேன். ஆங்கிலப் பெயர், அதைத் தமிழ் எழுத்தில், பிள்ளைகள் வாயில் வரும் பெயர், எல்லாம். ஆங்கில கீவேர்ட்ஸும் தமிழ் கீவேர்ட்ஸும் தானாக ஒன்று சேராது, தமிழ் இருந்தால் அது மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே தமிழ் வரியிலேயே இரண்டையும் எழுதுங்கள்.

என்னைக் கேட்டால் பிரிவுக்குப் போடும் உழைப்பில் பாதியை இதற்குப் போடலாம்.

பந்தலூர்_மழை

டீச்சரோடு இந்த ஒன்றில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன்.

உபுண்டுவைக் க்யூபிக் என்ற கருவியில் மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே முக்கியக் களஞ்சியத்துப் பொதிகளின் டெஸ்க்டாப் கோப்பில் மொழிபெயர்ப்பு வரிகளே இருக்காது. கட்டும்போதே உருவி, மொழிப் பொதியில் வைத்துவிடுகிறார்கள். கோப்பில் எக்ஸ்-உபுண்டு-கெட்டெக்ஸ்ட்-டொமைன் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் நகலில் தமிழ்ப் பெயர் எடுபடவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஹட்டி_படிப்பகம்

கீவேர்ட்ஸ் யோசனைக்கு நன்றி டீச்சர், இன்றே எழுத உட்காருகிறேன். விஸ்கரில் பிடித்தவை பட்டியலையும் முன்கூட்டியே வைக்க முடியுமா? ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயிண்ட், ரைட்டர், கிவிக்ஸ் இந்த நாலும் திறந்தவுடனே தெரிந்தால் போதும். கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்திருக்கிறோம், நெட் இல்லாத நாளில் அதுதான் ஓடுகிறது.

அப்புறம் பக்கத்து ஹட்டியிலும் இதைக் கேட்கிறார்கள். கோப்புகளை ஒரு டெப் பொதியாகக் கட்டிக் கொடுக்கலாமா?

டெபியன்_தாத்தா

பிடித்தவைக்கு இடிசி/எக்ஸ்டிஜி/எக்ஸ்எஃப்சிஇ4/விஸ்கர்மெனு கோப்பகத்தில் டிஃபால்ட்ஸ்.ஆர்சி. அதில் ஃபேவரிட்ஸ் வரியில் டெஸ்க்டாப் கோப்புகளின் பெயரைக் காற்புள்ளி வைத்து எழுதுங்கள்.

பொதி கட்டலாம், நல்லது. ஆனால் அப்போது யுஎஸ்ஆர்/லோக்கல் வழி சரிப்படாது. டெபியன் கொள்கைப்படி பொதிகள் அங்கே கோப்பு வைக்கக்கூடாது, அது அந்தக் கணினியின் நிர்வாகிக்கு உரிய இடம். சுபுண்டு (எக்ஸ்எஃப்சிஇ வைத்த உபுண்டு) செய்வதைப் பாருங்கள். யுஎஸ்ஆர்/ஷேர்/சுபுண்டு, இடிசி/எக்ஸ்டிஜி/எக்ஸ்டிஜி-சுபுண்டு என்று தங்களுக்கென்று தனிக் கோப்பகம் வைத்து, எக்ஸ்டிஜி-டேட்டா-டிர்ஸ், எக்ஸ்டிஜி-கான்ஃபிக்-டிர்ஸ் இரண்டிலும் அதை முன்னால் சேர்த்துவிடுகிறார்கள். நீங்களும் யுஎஸ்ஆர்/ஷேருக்குள் படிப்பகம் என்று ஒரு கோப்பகம் வைத்து, இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன்.டியில் அந்த மாறிகளை அமைக்கும் நாலு வரி ஸ்கிரிப்ட் போடுங்கள். பொதியை நீக்கினால் மெனு பழையபடி ஆகிவிடும், எங்கேயும் சிதறிக் கிடக்காது. பிள்ளைகள் வீட்டில் வைத்திருக்கும் அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தால், அதுவும் டெபியன் வழி வந்ததுதான். இந்தக் கோப்புகளின் அமைப்பு அங்கேயும் இதேதான்.

இணையத்தில் அப்டேட்-மெனுஸ் என்ற கட்டளையைச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் நிறையக் கிடக்கும். அது டெபியனின் பழைய மெனு முறை. டெஸ்க்டாப் கோப்பு வைத்திருக்கும் பொதிகள் அந்தப் பழைய மெனு கோப்பைத் தரக்கூடாது என்று 2015இலேயே தொழில்நுட்பக் குழு முடிவெடுத்தாயிற்று. அந்தப் பக்கங்களை மூடிவிடுங்கள்.

கணினிகளில் 32 பிட் ஏதாவது இருந்தால் 12இலேயே நில்லுங்கள். டெபியன் 13இல் அதற்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை.

ஹட்டி_படிப்பகம்

இரண்டு இயந்திரம் 32 பிட்தான் ஐயா, 12இலேயே இருக்கிறோம்.

பொதி தயார். நேற்று மூன்று கணினியில் ஓட்டினோம். பிரிவுகள் வந்துவிட்டன, பிடித்தவை வந்துவிட்டது, நோரூட் போட்டாயிற்று. டெர்மினல் ஒன்றே ஒன்று, மெனுவிலேயே இருக்கிறது (டீச்சர் மன்னிக்கவும்). ஒரு பாட்டி வந்து மனு அடிக்க வேண்டும் என்றார், "எழுத்து வேலை" பிரிவுக்குள் போய் அவரே ரைட்டரைத் திறந்துவிட்டார்.

"படிப்பு" பிரிவுக்கு மட்டும் ஐகான் வரவில்லை. படம் யுஎஸ்ஆர்/ஷேர்/ஐகான்ஸ்/ஹைகலருக்குள் 48க்கு 48 கோப்பகத்தில் இருக்கிறது.

எக்ஸ்எஃப்சிஇ_எலி

ஐகான் வரியில் பிஎன்ஜி என்ற வாலோடு எழுதியிருப்பீர்கள். வால் இல்லாமல் பெயர் மட்டும் போடுங்கள். படம் ஆப்ஸ் என்ற உள் கோப்பகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ்.

ஹட்டி_படிப்பகம்

வாலேதான். வந்துவிட்டது. பக்கத்து ஹட்டிக்கான பென்டிரைவ் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது.

பந்தலூர்_மழை

டெப்பை எங்கேயாவது ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். தேவாலா பக்கம் ஒரு நூலகத்துக்கு எனக்கும் வேண்டும்.